கரண்ட் இல்லாத நாலு நாள்: ஜெனரேட்டரில் வீட்டுக்கு லைட் போடுவது எப்படி?

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் நோட். பள்ளிக்கரணையில இருந்து ஒரு தம்பி அனுப்பியிருந்தார். சுருக்கமா அவர் கேட்டது இதுதான்.

"அக்கா, 2023 மிக்ஜாம் புயல் அப்போ எங்க தெருவுல நாலு நாள் கரண்ட் இல்ல. ராத்திரி பாத்ரூம் போகக்கூட வெளிச்சம் இல்லாம பாட்டி ரொம்பக் கஷ்டப்பட்டாங்க. இந்தத் தடவை மழைக்கு முன்னாடியே அப்பா ஒரு செகண்ட்ஹேண்ட் பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கிட்டார். 2 கே.வி.ஏ. வந்து பார்த்த எலக்ட்ரீஷியன் அண்ணன், ரெண்டு முனையிலயும் பின் வெச்ச வயர் ஒண்ணு செஞ்சு தர்றேன், ஒரு முனையை ஜெனரேட்டர்லயும் இன்னொரு முனையை ஹால் ப்ளக் பாயிண்ட்லயும் சொருகினா வீடு முழுக்க லைட் எரியும்னு சொல்றார். செய்யலாமா?"

செய்யக் கூடாது. பதிலை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இதைக் கேட்டுட்டு பாதியில யாராவது வேற வேலைக்குப் போயிட்டா இந்த ஒரு விஷயமாவது மனசுல நிக்கணும். ஏன் கூடாது, அதுக்குப் பதிலா என்ன செய்யலாம், ஜெனரேட்டரை எங்க வைக்கணும், உண்மையிலேயே உங்களுக்கு ஜெனரேட்டர் தேவையா, இதெல்லாம்தான் இன்னைக்கு.

கரண்ட் ஏன் நாலு நாள் வராது?

சாதாரண நாள்ல கரண்ட் போனா ஒரு மணி நேரத்துல வந்துடும். புயல் சமயத்துல கதை வேற. 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் சென்னைக்குப் பக்கத்துல கரையைக் கடந்தப்போ, மரங்கள் விழுந்து கம்பிகள் அறுந்துச்சு. 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் டெல்டா மாவட்டங்கள்ல மின்கம்பங்களையே வரிசையா சாய்ச்சிட்டுப் போச்சு. அங்க பல கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப வர வாரக்கணக்கில் ஆச்சு. வாடகை ஜெனரேட்டரை வண்டியில வெச்சு வீடு வீடா கொண்டு போய், மோட்டார் போட்டு தொட்டியில தண்ணி ஏத்தினாங்க. ஊர்ல எல்லாரும் அந்த வண்டிக்காகக் காத்திருந்தாங்க.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்போ பிரச்சினை காத்து இல்ல, தண்ணி. சென்னையில நிறைய இடங்கள்ல மின்சாரம் தரைக்கடியில கேபிள் வழியாகத்தான் வருது. தெருவோரம் நிக்கிற பில்லர் பாக்ஸ் தண்ணியில மூழ்கினா, அந்த லைனை மின்வாரியமே ஆஃப் பண்ணி வைக்கணும். இல்லன்னா தெருத் தண்ணியில கால் வைக்கிறவங்களுக்கு ஷாக் அடிக்கும். தண்ணி வடிஞ்சு, பாக்ஸ் காஞ்சு, சோதிச்சுப் பார்த்த பிறகுதான் சப்ளை கொடுக்க முடியும். அதனால வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் மாதிரி தாழ்வான பகுதியில இருக்கிறவங்க, கரண்ட் சில நாள் வராதுன்னு வெச்சுத்தான் திட்டம் போடணும்.

வெளிச்சத்துக்கு எவ்வளவு வேணும்?

ஜெனரேட்டர் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுத்து இந்தக் கணக்கைப் போடுங்க.

ஒரு எல்.இ.டி. பல்ப் 9 வாட். ஹால், சமையலறை, ரெண்டு பெட்ரூம், பாத்ரூம் வழி, ஆக மொத்தம் அஞ்சு பல்ப். 45 வாட். அவ்வளவுதான்! பழைய குண்டு பல்ப் காலத்துல ஒரே ஒரு பல்ப் 60 வாட் இழுக்கும். இன்னைக்கு முழு வீட்டு வெளிச்சமும் அந்த ஒரு பல்பைவிடக் குறைவு.

இதோட சீலிங் ஃபேன் ரெண்டு. சாதாரண ஃபேன் ஒண்ணு 75 வாட், புது பி.எல்.டி.சி. ஃபேன்னா 30, 35 வாட். வைஃபை ரவுட்டர் 10 வாட். மூணு போன் சார்ஜ் போட்டா 60 வாட்னு வெச்சுக்கலாம். எல்லாம் சேர்த்தாலும் சாதாரண ஃபேனோட 265 வாட்தான் வருது.

ஃப்ரிட்ஜ் ஓடும்போது 100-லிருந்து 200 வாட். ஆனா கம்ப்ரசர் கிளம்புற அந்த ஒரு நொடியில அதைப் போல பல மடங்கு இழுக்கும். ஒரு எச்.பி. தண்ணி மோட்டார் ஓடும்போது ஏறக்குறைய 1,000 வாட். கிளம்பும்போது மூணு மடங்குக்கு மேல. ஜெனரேட்டர் திணறி நிக்கிறது பெரும்பாலும் இந்தக் கிளம்புற நொடியிலதான்.

அப்புறம் கே.வி.ஏ.ன்னா என்ன? அது ஜெனரேட்டரோட மொத்தக் கொள்ளளவு. அதுல ஏறக்குறைய 80 சதவீதம்தான் உங்களுக்கு உபயோகமான வாட்டா கிடைக்கும்னு கணக்கு வைங்க. 1 கே.வி.ஏ.ன்னா 800 வாட். 2 கே.வி.ஏ.ன்னா 1,600 வாட். அதையும் முழுசா இழுக்காம முக்கால்வாசியோட நிறுத்திக்கிறது மெஷினுக்கு நல்லது. அப்போ லைட், ஃபேன், சார்ஜருக்கு 1 கே.வி.ஏ. தாராளம். ஃப்ரிட்ஜும் வேணும்னா 2 கே.வி.ஏ. தண்ணி மோட்டாரும் ஓடணும்னா 3 கே.வி.ஏ. அளவுக்குப் போகணும்.

ஜெனரேட்டர் கரண்ட்டும் இ.பி. கரண்ட்டும் ஒண்ணா?

ரெண்டும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். ஆனா குணம் வேற.

சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர்கள்ல பெரும்பாலும் இன்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுத்து சுத்தினாத்தான் 50 ஹெர்ட்ஸ் வரும். லோடு ஏறினா இன்ஜின் கொஞ்சம் தளரும், லோடு இறங்கினா சட்டுன்னு வேகம் எடுக்கும். அந்த ஏற்ற இறக்கம் அப்படியே வோல்டேஜிலயும் தெரியும். உங்க எல்.இ.டி. பல்ப் ஜெனரேட்டர்ல கண் சிமிட்டுற மாதிரி ஆடினா காரணம் இதுதான். நல்ல டிரைவர் சர்க்யூட் உள்ள பல்ப் இதைச் சமாளிக்கும். மலிவு பல்ப் மின்னும், சில நேரம் உயிரை விடும்.

அதனால ஒரு ஒழுங்கு இருக்கு. ஜெனரேட்டரை லோடு எதுவும் இல்லாம ஸ்டார்ட் பண்ணுங்க. ரெண்டு மூணு நிமிஷம் நிதானமா ஓடட்டும். முதல்ல ஃப்ரிட்ஜ் மாதிரி பெரிய லோடு. அது ஓடி அடங்கின பிறகு லைட், ஃபேன், சார்ஜர். நிறுத்தும்போது தலைகீழா: லைட்டையும் சார்ஜரையும் முதல்ல ஆஃப் பண்ணிட்டு அப்புறம் பெரிய லோடு, கடைசியா இன்ஜின். பெட்ரோல் தீர்ந்து தானா நிக்கட்டும்னு விடாதீங்க. கடைசிச் சொட்டுல இன்ஜின் விட்டு விட்டு ஓடும், அந்த நேரத்துல வோல்டேஜ் தாறுமாறா ஆடும்.

இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்னு ஒரு வகை இருக்கு. அதுல வர்ற கரண்ட்டை உள்ளயே ஒரு எலக்ட்ரானிக் சர்க்யூட் சுத்தப்படுத்தித் தரும். லோடு கம்மியா இருந்தா இன்ஜின் வேகத்தையும் குறைச்சுக்கும். சத்தம் கம்மி, பெட்ரோல் கம்மி, விலை அதிகம். லேப்டாப் வெச்சு வேலை பார்க்கிறவங்களுக்கு இது ஏத்தது.

அந்த ரெண்டு பக்கப் பின் வயர்

இப்போ தம்பியோட கேள்விக்கு வர்றேன். அந்த வயரைப் போட்டா லைட் எரியுமா? எரியும். ஆபத்து என்னன்னா, கரண்ட் உங்க வீட்டோட நிக்காது.

உங்க வீட்டு மெயின் ஆன்ல இருந்தா, ஜெனரேட்டர் கரண்ட் ப்ளக் பாயிண்ட் வழியா போர்டுக்குப் போய், மீட்டரைத் தாண்டி, தெரு லைனுக்கு வெளியேறும். தெரு டிரான்ஸ்ஃபார்மர் என்ன வேலை பார்க்குது? 11,000 வோல்ட்டை வீட்டு அளவுக்குக் குறைக்குது. ஆனா டிரான்ஸ்ஃபார்மருக்கு எது முன்பக்கம், எது பின்பக்கம்னு தெரியாது. இந்தப் பக்கம் 230 வோல்ட் கொடுத்தா, அந்தப் பக்கம் பத்தாயிரம் வோல்ட் கிட்ட ஏத்திக் கொடுக்கும்.

அந்த முனையில யார் இருப்பாங்க? கம்பத்து மேல, மழையில நனைஞ்சுக்கிட்டு உங்க தெருவுக்குக் கரண்ட் கொடுக்க வந்த லைன்மேன். லைன் ஆஃப்ல இருக்குன்னு ஆபீஸ்ல சொல்லி அனுப்பியிருப்பாங்க. லைனை எர்த் பண்ணிட்டுத்தான் தொடணும்கிறது விதி. ஆனா கஜா சமயத்துல பக்கத்து மாநிலங்கள்ல இருந்தெல்லாம் ஆட்கள் வந்து இரவு பகலா வேலை பார்த்தாங்க. அந்த மாதிரி அவசரத்துல, ஒரு சந்துக்குள்ள யாரோ ஒருத்தர் வீட்டு ஜெனரேட்டர் தப்பா மாட்டியிருக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்?

சிலர் கேட்பாங்க, "தெரு முழுக்க இருக்கிற வீட்டு லோடு சேர்ந்து இழுத்தா என் குட்டி ஜெனரேட்டர் உடனே நின்னுடுமே?" பல நேரம் நின்னுடும். ஆனா கம்பி உங்க தெருமுனையிலயே அறுந்து கிடந்தா? பக்கத்துல ரெண்டு வீட்டுல மட்டும் ஆள் இருந்து, அவங்களும் எல்லாத்தையும் ஆஃப் பண்ணியிருந்தா? இழுக்க லோடு இல்ல. அறுந்த கம்பியில உங்க கரண்ட் அப்படியே இருக்கும். லைன்மேன்தான்னு இல்ல, தண்ணியில நடந்து பால் வாங்கப் போறவர் மேலயும் படலாம்.

"சரி, மெயினை ஆஃப் பண்ணிட்டுப் போட்டா?" அடுத்த கேள்வி இதுதான். அப்பவும் கூடாது. காரணம் மூணு இருக்கு. ஒண்ணு, இருட்டுல, மழையில, களைப்புல மெயினை ஆஃப் பண்ண மறக்க ஒரே ஒரு தடவை போதும். ரெண்டு, ப்ளக் கழண்டு வந்தா அதோட பின்கள்ல 230 வோல்ட் வெளிப்படையா இருக்கும், குழந்தை கை வெச்சா போச்சு. மூணு, ஜெனரேட்டர் ஓடும்போது இ.பி. கரண்ட் திரும்ப வந்து யாராவது மெயினை ஆன் பண்ணிட்டா ரெண்டு கரண்ட்டும் மோதும். ஜெனரேட்டர் எரியும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு இருக்கு.

சரியான வழி எது?

எளிய வழி எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். வீட்டு வயரிங்கையே தொடாம, ஜெனரேட்டர்ல இருந்து நல்ல மூணு கோர் வயர் ஒண்ணை உள்ள இழுத்துட்டு வந்து, அதுல ரெண்டு டேபிள் லேம்ப், ஒரு டேபிள் ஃபேன், சார்ஜர்கள். வயர் 1.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மெல்லிசு வயரா இருந்தா சூடாகும். சுருட்டி வெச்ச ரோலோட அப்படியே ஓட்டக் கூடாது, முழுசா பிரிச்சுப் போடணும். வாடகை வீட்டுல இருக்கிறவங்களுக்கு இதுதான் சரி. ஓனர்கிட்ட எதுவும் கேட்க வேண்டியதில்ல.

சுவத்துல இருக்கிற லைட்டும் ஃபேனுமே எரியணும்னா சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச். கல்யாண மண்டபத்துலயோ ஆஸ்பத்திரியிலயோ ஜெனரேட்டர் ரூம் பக்கத்துல கைப்பிடியோட பெரிய பெட்டி பார்த்திருப்பீங்க. அதோட சின்னத் தம்பி வீட்டுக்கும் கிடைக்கும். மேல தள்ளினா இ.பி., கீழ தள்ளினா ஜெனரேட்டர், நடுவுல ஆஃப். ரெண்டும் ஒரே நேரத்துல சேரவே முடியாது, கைப்பிடி ஒரு பக்கம்தான் நிக்கும். உங்க ஞாபகசக்தியை நம்ப வேண்டியதில்ல, இரும்பே பார்த்துக்கும்.

வாங்கும்போது ஒண்ணு கவனிங்க. ஒரு ஃபேஸ் வீடுன்னா ரெண்டு போல் உள்ளது வேணும். அதாவது ஃபேஸ், நியூட்ரல் ரெண்டையும் சேர்த்துப் பிரிக்கணும். நியூட்ரலைப் பொதுவா விட்டுட்டா பிரச்சினை முழுசாத் தீராது. மூணு ஃபேஸ் வீடுன்னா நாலு போல். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் மாட்டணும். லைட், ஃபேன் சர்க்யூட்டை மட்டும் தனியாப் பிரிச்சு அதுக்கு மட்டும் சேஞ்ச்ஓவர் போடச் சொன்னா, ஏ.சி.யும் கீஸரும் தெரியாம ஆன் ஆகி ஜெனரேட்டரை மூச்சுத் திணற வைக்காது. ஜெனரேட்டருக்கு எர்த்தும், அந்தக் கரண்ட்டுல உங்க ஆர்.சி.சி.பி. ஒழுங்கா டிரிப் ஆகுதான்னும் அதே ஆளை வெச்சுச் சோதிச்சுடுங்க.

ராத்திரி முழுக்க ஓட்ட வேண்டாம்

இந்த எபிசோடுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு இதுதான்.

45 வாட் வெளிச்சத்துக்கு 2 கே.வி.ஏ. ஜெனரேட்டரை ராத்திரி 12 மணி நேரம் ஓட்டினா என்ன ஆகும்? லோடு குறைவா இருந்தாலும் இன்ஜின் சும்மா சுத்தறதுக்கே மணிக்கு அரை லிட்டர் கிட்டக் குடிக்கும். ஒரு ராத்திரிக்கு 6 லிட்டர், நாலு ராத்திரிக்கு 24 லிட்டர். அஞ்சு பல்புக்காக! கூடவே சத்தம், புகை, பக்கத்து வீட்டுச் சண்டை.

உங்க வீட்டுல ஏற்கனவே இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருக்கா? அப்போ ஜெனரேட்டரை லைட்டுக்காக ஓட்டாதீங்க, பேட்டரியை நிரப்ப ஓட்டுங்க. சாதாரணமா வீட்டு பேட்டரி 12 வோல்ட், 150 ஏ.எச். இன்வெர்ட்டர் 15 ஆம்பியர்ல சார்ஜ் பண்ணினா, மூணு மணி நேரத்துல 45 ஏ.எச். ஏறும். 12 ஆல பெருக்கினா 540 வாட்-மணி. சார்ஜ் ஆகும்போதும் திரும்ப எடுக்கும்போதும் போற இழப்பைக் கழிச்சா 400 வாட்-மணி சொச்சம். அதை 45-ஆல வகுங்க. எட்டு மணி நேரத்துக்கு மேல. சாயங்காலம் மூணு மணி நேரம் ஜெனரேட்டர், அப்புறம் ராத்திரி முழுக்க அமைதியா வெளிச்சம்.

அந்த மூணு மணி நேரத்துல ஃப்ரிட்ஜும் ஓடிக்கும், போனும் சார்ஜ் ஏறிக்கும். மணிக்கு முக்கால் லிட்டர்னு வெச்சாலும் ஒரு நாளைக்கு ரெண்டேகால் லிட்டர். நாலு நாளைக்கு 9 லிட்டர். 24 எங்க, 9 எங்க!

ஒரு சின்ன டிப். ஜெனரேட்டர் போட்டும் இன்வெர்ட்டர் சார்ஜ் ஆகலன்னு நிறைய பேர் புலம்புவாங்க. பல இன்வெர்ட்டர்கள்ல பின்னாடி ஒரு சுவிட்ச் இருக்கும். யு.பி.எஸ். மோட், நார்மல் மோட்னு போட்டிருக்கும். யு.பி.எஸ். மோட்ல வோல்டேஜ் கொஞ்சம் ஆடினாலும் அது ஜெனரேட்டர் கரண்ட்டை ஏத்துக்காது. நார்மல்ல போடுங்க, பெரும்பாலும் சரியாகிடும்.

புகை: வாசனை இல்லாத ஆபத்து

ஷாக் பத்திப் பேசினா எல்லாரும் பயப்படறாங்க. புகை பத்திப் பேசினா "ஜன்னலைத் திறந்து வெச்சுக்கலாம்"னு சொல்லிடறாங்க. அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

பெட்ரோல் முழுசா எரியாதபோது கார்பன் மோனாக்சைடு வாயு வரும். நிறம் இல்ல, வாசனை இல்ல. நம்ம ரத்தத்துல ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின், இந்த வாயுவை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல இறுக்கமாப் பிடிச்சுக்கும். மூச்சு வந்துக்கிட்டே இருக்கும், ஆனா உடம்புக்கு ஆக்சிஜன் போகாது. முதல்ல தலைவலி, அப்புறம் தலைச்சுத்தல், வாந்தி, குழப்பம். மழையில நனைஞ்சதால வந்த காய்ச்சல் தலைவலின்னு படுத்துடுவாங்க. தூங்கிட்டா எழுந்திருக்கவே மாட்டாங்க. அமெரிக்காவுல கையடக்க ஜெனரேட்டர் புகையால மட்டும் ஆண்டுதோறும் பல பேர் சாகறாங்கன்னு அந்த நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்லுது. புயல் காலத்துலதான் இது கூடும்.

விதி என்னன்னா, ஜெனரேட்டர் எப்பவும் வெளியில. வீட்டுல இருந்து குறைஞ்சது 20 அடி தள்ளி. புகைக்குழாய் கதவு, ஜன்னலைப் பார்க்காம வெளிப்பக்கம் திரும்பி இருக்கணும். பால்கனி வெளியில இல்ல. ஷட்டர் பாதி திறந்த கார் ஷெட் வெளியில இல்ல.

சென்னை அபார்ட்மென்ட்ல இருக்கிறவங்க ஸ்டில்ட் பார்க்கிங்கைக் குறிப்பா கவனிங்க. தூண் மட்டும்தானே, நாலு பக்கமும் திறந்திருக்குன்னு தோணும். ஆனா மாடிப்படியும் லிஃப்ட் வழியும் அங்க இருந்துதான் மேல போகுது. புகை அந்த வழியில ஏறி முதல் மாடி, ரெண்டாம் மாடின்னு கதவிடுக்குல நுழையும். மழை வலுத்தா "நனையுதே"ன்னு மெஷினை மாடிப்படிக்குக் கீழ தள்ளுவாங்க. ஆபத்து அங்கதான். மழைக்கு மறைப்பு வேணும்னா மேல மட்டும் தகரக் கூரை, பக்கங்கள் நாலும் திறந்தபடி. தார்ப்பாயில சுத்தக் கூடாது. தரையில தண்ணி நின்னா செங்கல் அடுக்கி மேட்டுல வையுங்க, ஈரக் கையோட தொடாதீங்க.

பேட்டரியில ஓடுற கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆன்லைன்ல கிடைக்குது. ஜெனரேட்டர் வாங்கற காசுல ஒரு சின்னப் பங்கு. படுக்கிற ரூமுக்குப் பக்கத்துல மாட்டுங்க. ஜெனரேட்டர் ஓடும்போது வீட்டுல ரெண்டு பேருக்கு ஒரே நேரத்துல தலைவலின்னா யோசிக்காதீங்க. எல்லாரையும் வெளியில கூட்டிட்டு வாங்க, அப்புறம் ஜெனரேட்டரை நிறுத்துங்க, 108-க்கு போன் பண்ணுங்க.

பெட்ரோல் விஷயம்

புயல் அடிச்ச மறுநாள் பங்க்ல வரிசை நிக்கும். சில பங்க்ல கரண்ட் இல்லாம பம்பே ஓடாது. அதனால முன்னாடியே வாங்கி வைக்கணும். ஆனா அதுக்கும் எல்லை இருக்கு. பெட்ரோலியச் சட்டப்படி விற்பனைக்கு இல்லாம, லைசென்ஸ் இல்லாம 30 லிட்டர் வரை வெச்சுக்கலாம், அதுவும் இறுக்கமா மூடின உலோகக் கேன்ல. பிளாஸ்டிக் வாட்டர் பாட்டில்ல கேட்டா பங்க்ல தர மாட்டாங்க, தராததுதான் சரி. போன கணக்கைப் பார்த்தீங்கன்னா நமக்கு 10 லிட்டரே போதும். சமையலறையிலயோ பூஜை விளக்குக்குப் பக்கத்துலயோ வைக்காதீங்க.

சூடா ஓடிக்கிட்டு இருக்கிற ஜெனரேட்டர்ல பெட்ரோல் ஊத்தவே கூடாது. நிறுத்தி, கால் மணி நேரமாவது ஆறவிட்டு, பகல் வெளிச்சத்துல ஊத்துங்க. இருட்டுறதுக்கு முன்னாடி டேங்கைப் பார்க்கிறதைப் பழக்கமாக்கிக்கோங்க.

இன்னொண்ணு. இப்போ நமக்குக் கிடைக்கிற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். மாசக்கணக்கா டேங்க்ல அப்படியே கிடந்தா கார்புரேட்டர்ல பிசின் மாதிரி படியும், அவசரத்துக்கு இழுத்தா ஸ்டார்ட் ஆகாது. மழைக்காலம் முடிஞ்சதும் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி பண்ணி வையுங்க. மிச்சப் பெட்ரோலை பைக்குல ஊத்திக்கலாம்.

20 அடி இடமே இல்லன்னா?

நம்மில் பாதிப் பேருக்கு இல்ல. மதில் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவுல நாலு அடி சந்துதான் இருக்கும். நேரடியா சொல்றேன்: அந்த வீட்டுல ஜெனரேட்டருக்கு இடமில்ல. அதை எப்படியாவது வைக்க வழி தேடாதீங்க.

உங்களுக்குத் தேவை 45 வாட் வெளிச்சம்தான்னா அதுக்கு வேற வழி இருக்கு. உள்ளயே பேட்டரி வெச்ச எல்.இ.டி. பல்ப் கடையில கிடைக்குது. சாதாரண ஹோல்டர்லயே மாட்டலாம், கரண்ட் போனா மூணு நாலு மணி நேரம் எரியும். பாத்ரூம் வழியில ஒண்ணு, மாடிப்படியில ஒண்ணு. சார்ஜ் பண்ற டார்ச், பவர் பேங்க், மொட்டை மாடியில ஒரு சின்ன சோலார் பேனல். இன்வெர்ட்டர் இருந்தா ஃபேனை அணைச்சுட்டு லைட்டை மட்டும் வெச்சாலே ரெண்டு ராத்திரி தாண்டலாம். திறந்தவெளி இருக்கிற தெருவா இருந்தா அஞ்சாறு வீடு சேர்ந்து ஒரு ஜெனரேட்டரைப் பொது இடத்துல வெச்சு, முறை போட்டு அவங்கவங்க இன்வெர்ட்டரை எக்ஸ்டென்ஷன் வயர்ல சார்ஜ் பண்ணிக்கலாம். வீட்டுல ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் மாதிரி மருத்துவக் கருவி ஓடுதுன்னா இதுல எதையும் நம்பி இருக்காதீங்க. புயல் எச்சரிக்கை வந்ததுமே டாக்டர்கிட்ட பேசி, சிலிண்டரோ வேற இடமோ ஏற்பாடு பண்ணிடுங்க.

இந்த ஞாயித்துக்கிழமை

கடைசியா ஒரு வீட்டுப்பாடம். ஜெனரேட்டர் இருக்கிறவங்க ஐப்பசி மழை வலுக்கறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மெயினை ஆஃப் பண்ணிட்டு ஒரு மணி நேரம் ஒத்திகை பாருங்க. ஆயில் அளவு சரியா? இழுத்ததும் ஸ்டார்ட் ஆகுதா? சேஞ்ச்ஓவர் கைப்பிடி இலகுவா நகருதா? இன்வெர்ட்டர் அந்தக் கரண்ட்டை ஏத்துக்குதா? வீட்டுல உங்களைத் தவிர இன்னொருத்தருக்கும் இதையெல்லாம் செய்யத் தெரியுமா? வரிசையை ஒரு பேப்பர்ல எழுதி மெயின் போர்டுக்குப் பக்கத்துல ஒட்டுங்க. அதுக்குக் கீழ மின்வாரியத்தோட மின்னகம் நம்பரையும் எழுதிடுங்க: 94987 94987. அறுந்த கம்பியைப் பார்த்தா பக்கத்துல போகாம முதல்ல கூப்பிட வேண்டிய நம்பர் அது.

யாராவது அந்த ரெண்டு பக்கப் பின் வயர் வெச்சிருந்தா, இன்னைக்கே ஒரு முனையை வெட்டிடுங்க. பத்திரமா எடுத்து வெச்சா என்னைக்காவது ஒரு நாள் யாராவது சொருகிடுவாங்க.

கேள்வி இருந்தா வழக்கம்போல வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல இன்வெர்ட்டர் பேட்டரியை ஏன் மூணே வருஷத்துல மாத்த வேண்டியிருக்கு, அதை எப்படி நீட்டிக்கலாம்னு பேசுவோம். பத்திரமா இருங்க. வணக்கம்.